முதுகில் ஒட்டிய தைலம்

மாத்தளை
2025 ஜனவரி 20

திருமதி பஸ்லா நுஹ்மான் அவர்களுக்கு,

நான் பொட்டு வைக்கத் தொடங்கவில்லை. சந்தையிலும் கோயில் வாசலிலும் பாமசியிலும் வேறு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள் என்பதால் முதலில் இதை எழுதிவிடுகிறேன். என் கணவர் ஜெயரட்ணம் காலமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு, எழுபதைத் தாண்டிய வயதில், நான் ஒட்டுப்பொட்டு வைத்துக்கொண்டேனாம். அதன் பசை ஒத்துவராமல் நெற்றி கறுத்துப்போனதாம். யாருக்காக வைத்தேன் என்பதற்கும் ஆள் தயார். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரைச் சொல்கிறார்கள். அந்த மனிதருக்கு எந்தக் காதும் கேட்காது.

பொட்டு வைப்பதும் வைக்காததும் என் விருப்பம். வைத்தால் யாருக்கும் ஒளிக்கமாட்டேன். சமையலுக்கு வரும் பாப்பம்மாவே நேற்று அடுப்படியில் நின்று, “நல்லாத்தாங்கம்மா இருக்கு. கொஞ்சம் சின்னதா வச்சிருக்கலாம்” என்றாள். அதன் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

புருவங்களுக்கு நடுவில், சற்று மேலே, வட்டமாக ஓர் அடையாளம் இருக்கிறது. ஊதா கலந்த கருமை. தலைவலி வரும்போதெல்லாம் நீங்கள் காய்ச்சித் தந்த தைலத்தை அந்த இடத்தில்தான் தேய்ப்பேன். அன்றைக்கே அது சிவந்து எரியும். சில நாளில் எரிவு போகும், கருமை நிற்கும். அடுத்த முறை தேய்த்தால் முன்னையதைவிடக் கறுக்கும். இதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை.

எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது. ஆகையால் உங்கள் தைலத்தைப் பற்றிச் சுகாதாரப் பரிசோதகருக்கும், அதை வாங்கி விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் சீகிரியா ஹோட்டலுக்கும் எழுதியிருக்கிறேன். இரண்டின் பிரதிகளையும் இணைத்துள்ளேன். தெரியாமல் செய்வது என் வழக்கமல்ல.

தயவுசெய்து தொலைபேசியில் அழைக்க வேண்டாம். நீங்கள் சிரித்துப் பேசி, நான் எடுத்த காரியத்தை மறக்கச் செய்துவிடுவீர்கள்.

இங்ஙனம்,
மீனாம்பிகை ஜெயரட்ணம்


நாவுல
2025 ஜனவரி 28

மீனா,

‘திருமதி’. ‘அவர்களுக்கு’. ‘நீங்கள்’. கடிதம் தந்த தபால்காரரிடம் இது எனக்குத்தான் வந்ததா என்று இரண்டு தரம் கேட்டேன். கொன்வென்டில் என் சோற்றுப் பெட்டியிலிருந்து பொரித்த மீனை எடுத்துத் தின்றுவிட்டு, சிஸ்டர் வந்து கேட்டபோது “பூனை” என்று சொன்ன சைவக்காரி நீ. உன் வாயில் உப்புத்தூள் இருந்தது. நான் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு முதல் நமக்குள் ‘நீங்கள்’ இருந்ததில்லை.

வியாழக்கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்தார். வெள்ளைக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து எங்கள் வாசனைத் திரவியத் தோட்டத்து மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். என் மகன் றுஸ்தி ஏலக்காயை உடைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறான். அவர்கள் பார்க்கப் பார்க்க, போத்தல்களை எடுத்து முத்திரை வைத்துக்கொண்டு போனார். மரியாதையாகத்தான் நடந்தார். ஆனால் வேன் திரும்பிப் போகும்போது ஒருவர்கூட ஒன்றும் வாங்கவில்லை. ஹோட்டல்காரர் மறுநாளே சொல்லிவிட்டார், முடிவு தெரியும் வரை தைலம் வேண்டாமென்று. மீனா, தோட்டத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். எங்கள் வீட்டை ஓட்டுவது அந்தத் தைலம்தான். அது உனக்குத் தெரியும்.

றுஸ்தி அன்று மாலை வாசலில் இருந்து, “மீனா ஆன்ட்டி ஏன் உம்மா இப்பிடி செஞ்சாங்க? ஒரு போன் கோல் எடுத்து செல்லீந்தா போதுந்தானே” என்றான். உன்னுடைய ஆன்ட்டி கோல் எடுக்கமாட்டா, பிரதி இணைப்பா என்று சொன்னேன்.

இந்தத் தைலத்தை நான் என் பேரப்பிள்ளையின் நெஞ்சில் தேய்க்கிறேன். ஒருவருக்கும் கறுக்கவில்லை. ஆனாலும் நீ சொன்னால் நீ சொன்னதுதான் என்று இருக்கிறவளிடம் வாயால் பேசிப் பயனில்லை. கண்டியில் தோல் கிளினிக் ஒன்றில் இதற்குச் சோதனை இருக்கிறதாம். சந்தேகப்படும் சாமானை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் விட்டு, கழற்றிப் பார்ப்பார்களாம். போய் ஒட்டிக்கொள். என் தைலத்துக்கு உன் முதுகு சிவந்தால், நானே தொழிலை மூடுகிறேன். சிவக்காவிட்டால், எழுதிய இரண்டு இடத்துக்கும் நீயே மறுபடி எழுத வேண்டும். சம்மதமா?

பஸ்லா


மாத்தளை
2025 பெப்ரவரி 12

அன்புடையீர்,

சம்மதம்.

மீனைத் தின்றது பூனைதான். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத விரும்பவில்லை.

மகள் வாகினி கண்டியில்தானே இருக்கிறாள், அவளுடன் கிளினிக்குக்குப் போனேன். தோல் டொக்டரின் பெயர் நிரஞ்சனி. வயது குறைவு, ஆனாலும் கேள்வி கேட்கத் தெரிந்த பெண். வெறுமனே தைலத்தைப் பூசிப் பார்க்க முடியாதாம். கலந்திருக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனியே, தோலைச் சுடாத அளவுக்கு வாசலினில் ஐதாக்கி, சிறு சிறு கிண்ணிகளில் வைத்து முதுகில் ஒட்ட வேண்டுமாம். ஆகையால் தைலத்தில் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்பதை எழுதி, ஒவ்வொன்றிலும் சிறிது அனுப்பி வையுங்கள். இது உங்கள் தொழில் இரகசியம் என்று தெரியும். கேட்பது டொக்டர், நானல்ல.

“வேற என்ன மருந்து எடுக்கிறீங்க அம்மா?” என்று கேட்டார். பிரஷருக்கு ஒரு குளிசை, வேறொன்றும் இல்லை என்றேன். நெற்றியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வேற எங்கயாவது இப்படி இருக்கா?” என்றார். இல்லை என்றேன்.

சோதனை மார்ச் மாதம்தான். காரணம், போன வாரம் அந்த இடம் மறுபடி சிவந்தது. அது நன்றாக அடங்கிய பிறகுதான் ஒட்டலாமாம். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். தைலப் போத்தலை நான் ஜனவரியிலேயே குப்பையில் போட்டுவிட்டேன். எறிந்த பிறகும் வேலை செய்கிற சாமானை நான் இதற்கு முன் கண்டதில்லை.

மீனாம்பிகை


நாவுல
2025 பெப்ரவரி 22

அன்புடையாளே,

இத்துடன் ஒரு பொதி வருகிறது. கராம்பு எண்ணெய், கறுவா இலை எண்ணெய், யூகலிப்டஸ், கற்பூரம், தேன்மெழுகு எல்லாம் குப்பிகளில் இருக்கின்றன. இதுவரை நான் யாருக்கும் சொல்லாத இரண்டு சாமான்களும் இருக்கின்றன. எவ்வளவு, எந்தப் பதம் என்பது தனி உறையில். அதில் டொக்டரின் பெயர் எழுதியிருக்கிறேன். கோபிக்காதே. என் சொந்த மருமகள் ஸஹ்ராவுக்கே நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. தேத்தண்ணீரைக்கூட அடிப்பிடிக்க வைக்கிறவள் நீ. படித்தாலும் உன்னால் காய்ச்ச முடியாது என்பது எனக்கு ஆறுதல்.

நோன்பு வருகிறது. ஒவ்வொரு வருடமும் முதல் நோன்புக் கஞ்சியில் உனக்கென்று இறைச்சி போடாமல் ஒரு சட்டி தனியாக வைப்பேன். இந்த வருடம் ஸஹ்ரா வந்து “மாமி, மீனா ஆன்ட்டிக்கும் வைக்கவா?” என்று கேட்டாள். நான் குப்பிகளைப் பொதியில் அடுக்கிக்கொண்டே இருந்தேன். அதுவே பதில் என்று அவள் போய்விட்டாள்.

போன வருடம் கஞ்சி வந்த தூக்குச்சட்டி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. நீ ஒருநாளும் அதை வெறுமனே திருப்பியதில்லை, உள்ளே ஏதாவது வைத்துத்தான் அனுப்புவாய். ஆனால் இந்த முறை திருப்பாமல் நீயே வைத்துக்கொண்டுவிட்டாய். அதைக் கேட்பதற்காக எழுதவில்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

பஸ்லா


மாத்தளை
2025 மார்ச் 11

பஸ்லா,

உன் உறையை நான் திறக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைத் திறக்காத ஒருத்திக்கு இவ்வளவு பிளாஸ்டர் சுற்றி அனுப்பத் தேவையில்லை. டொக்டர் அதைப் பிரிக்கக் கத்திரிக்கோல் கேட்டார்.

நேற்று ஒட்டினார்கள். முதுகின் மேற்பக்கம் முழுவதும் பிளாஸ்டர். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கிண்ணி. ஓரத்தில் ஊதா மையால் இலக்கங்கள். நனைக்கக்கூடாது. வேர்க்கக்கூடாது. குனிந்து நிமிரக்கூடாது. சொறியக்கூடாது. “சும்மா வீட்டில இருங்க அம்மா, அவ்வளவுதான்” என்றார் டொக்டர். சும்மா இருப்பதுதான் எனக்குத் தெரியாது என்பதை அவருக்கு யார் சொல்வது?

எழுந்து யன்னலடிக்குப் போகிறேன். திரும்பி வந்து கதிரையின் விளிம்பில் இருக்கிறேன். சாயமுடியாது. புத்தகத்தை எடுத்தால் ஒரு பந்தி முடிவதற்குள் நாலாவது கிண்ணி இருக்கும் இடத்தில் ஏதோ ஊர்வது போலிருக்கிறது. அது கராம்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு ஆறாவது. பிறகு எல்லாம். உடனே எழுந்துவிடுகிறேன். நீ ஊர்கிறாய் என் முதுகில், அதுதான் உண்மை.

நாளைக்குக் கோயில் தேர். மேளச் சத்தம் இங்கே அறைக்குள் கேட்கிறது. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, வேர்க்காமல், அதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். நாளை காலை பிளாஸ்டரைக் கழற்றிப் பார்க்கக் கண்டிக்குப் போக வேண்டும். ஆகையால் தேரும் இல்லை. வியாழன் போயா, பௌர்ணமி விடுமுறை, கிளினிக் இல்லை. வெள்ளி மறுபடி வந்து காட்டச் சொன்னார்கள். சில சாமான்கள் தாமதித்துத்தான் சிவக்குமாம்.

தலை இடிக்கிறது. சோதனை முடியும் வரை புதிதாக ஒன்றும் எடுக்கக்கூடாது என்றார்கள். பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

பாப்பம்மா வந்து முதுகை எட்டிப் பார்த்தாள். “என்னாங்கம்மா இது, பார்சல் மாதிரி நம்பரெல்லாம் போட்டிருக்காங்க! எந்த ஊருக்கு அனுப்பப் போறாங்க?” என்றாள். சிரிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லவில்லை. ஆனாலும் சிரித்தால் பிளாஸ்டர் இழுக்கிறது.

ஏன் இதையெல்லாம் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாருக்கு எழுதுவது?

மீனா


மாத்தளை
2025 மார்ச் 15

பஸ்லா,

முடிவை மறைக்காமல் எழுதுகிறேன். புதன்கிழமை கழற்றினார்கள். நேற்று மறுபடி பார்த்தார்கள். என் முதுகில் ஒன்றும் இல்லை. உன் கராம்பும் இல்லை, கறுவாவும் இல்லை, நீ ஒளித்த அந்த இரண்டும் இல்லை. பிளாஸ்டரின் தடம் மட்டும் இருக்கிறது.

ஆனால் நான் இப்போதைக்கு எங்கும் எழுதப் போவதில்லை.

பொறு. கடிதத்தைக் கிழிக்காதே. நேற்றுக் கிளினிக்கிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். பொழுது சாயும் நேரம் நெற்றி எரியத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தால் அதே வட்டம், தணல் மாதிரி. இந்தக் கிழமை முழுவதும் நெற்றியில் எதுவும் பூசவில்லை. உன் தைலம் முதுகில்தான் இருந்தது. முதுகில் வைத்த சாமான் உள்ளே இறங்கி நெற்றியில் வேலை காட்டியிருக்கிறது. சோதனையில் பிடிபடாத விதமாகத் தந்திரமாக வேலை செய்கிறது. சிவக்கவில்லை என்பதால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்று டொக்டரும் ஒப்புக்கொண்டார்.

நான் வாக்குத் தவறுகிறேன் என்று நினைப்பாய். நான் வாக்குத் தவறுவதில்லை. தீராத விஷயத்தைத் தீர்ந்ததாக எழுதமாட்டேன், அவ்வளவுதான்.

மீனா


நாவுல
2025 மார்ச் 20

மீனா,

கிழிக்கவில்லை. கிழித்திருப்பேன். நோன்பு வாயோடு கோபப்படக்கூடாது என்று மடித்து வைத்துவிட்டு, நோன்பு திறந்த பிறகு எடுத்துப் படித்துக் கோபப்பட்டேன்.

பெப்ரவரியில் நெற்றி சிவந்தது என்று எழுதினாய். அப்போது என் தைலம் உன் குப்பையில். மார்ச்சில் சிவந்தது என்கிறாய். அப்போது என் தைலம் உன் முதுகில், அதுவும் கழற்றி எறிந்த பிறகு. என் தைலத்துக்குக் கால் முளைத்துவிட்டதா? கராம்பு எண்ணெய் கிணற்றுத் தவளை மாதிரி முதுகிலிருந்து நெற்றிக்குத் தாவியதா? கொன்வென்டில் கணக்குப் பாடத்தில் எனக்கு நீதானே சொல்லித் தந்தாய்! எது வந்தாலும் வராவிட்டாலும் விடை ஒன்றாகவே இருந்தால், பிழை வேறிடத்தில் இருக்கிறது என்று.

அதனால் கேட்கிறேன். அன்று தலையிடி என்று எழுதினாய். பொறுத்துக்கொண்டாய். வெள்ளிக்கிழமை சோதனை முடிந்தது. பிறகு தலையிடிக்கு என்ன செய்தாய்? அதை எழுதவில்லை.

நான் சொல்கிறேன். போன வருடம் என் மாமி மௌத்தான வீட்டுக்கு வந்தாய். ஆட்களும் அழுகையும் வெக்கையும். உனக்குத் தலையிடி. நான் உன்னை உள்ளறையில் இருத்தி என் கையாலேயே தைலம் தேய்த்தேன். “நல்ல சுகம் பஸ்லா” என்றாய். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குடிக்கவென்று பின்பக்கம் போனாய். கைப்பையைத் திறந்து, குளிசை ஒன்றைப் பிரித்து, வாயில் போட்டு விழுங்கினாய். நான் யன்னலால் கண்டேன். திரும்பி வந்து மறுபடி “நல்ல சுகம்” என்றாய்.

எனக்கு அன்று வலித்தது, மீனா. இத்தனை வருடமாக என் தைலத்தை முகத்துக்குப் புகழ்ந்துவிட்டு, பின்னால் போய்க் குளிசை போடுகிறாளே என்று. இன்று அதை நினைத்தால் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொல்ல வருகிறது.

அந்தக் குளிசையைப் பற்றி டொக்டரிடம் சொன்னாயா? இன்னொன்று. என் தைலம் எட்டாத இடத்தில், உடம்பில் வேறெங்காவது அந்தக் கருப்பு இருக்கிறதா? சேலைக்கு மேல் தெரிகிற இடத்தை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதாதே.

பஸ்லா


மாத்தளை
2025 மார்ச் 29

பஸ்லா,

பதில் எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதிக் கிழித்தேன். இது நிற்குமா தெரியாது.

அது மருந்தல்ல. தலைவலிக் குளிசை. வெள்ளிக்கிழமை சோதனை முடிந்ததும் நான் போட்டதும் அதுதான். டொக்டர் “மருந்து” என்று கேட்டார். மருந்தென்றால் டொக்டர் எழுதித் தருவது. இது பாமசியில் பெயரைச் சொன்னவுடன் கொடுப்பது. ஜெயரட்ணத்தின் முழங்கால் வலிக்கு வாங்கிய காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது. முடிய முடிய வாங்கி வைப்பேன். சீனி, உப்பு மாதிரி. யாராவது டொக்டரிடம் போய் உப்புச் சாப்பிடுகிறேன் என்று சொல்வார்களா?

உன் முன்னால் போடாதது உன்னை நோகடிக்கக்கூடாது என்பதற்காக. தைலம் தேய்ப்பது எனக்குப் பிடிக்கும். உன் கை பிடிக்கும். ஆனால் தலைவலி அதற்கு முழுதாகக் கேட்பதில்லை. இரண்டையும் செய்வேன். மரியாதை என்று நினைத்துச் செய்தேன். நீ யன்னலடியில் நிற்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு முதலில் கோபம் வந்தது. எங்கும் இல்லை என்று எழுதி உறையும் ஒட்டிவிட்டேன். பிறகு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கதவைச் சாத்தி, கண்ணாடி முன் நின்று பார்த்தேன். இடுப்பின் இடது பக்கத்தில், பாவாடை நாடா கட்டும் இடத்தில், ஒரு கருப்பு. அது எத்தனையோ வருடமாக இருக்கிறது. நாடாத் தழும்பு. சேலை உடுக்கிற எந்தப் பெண்ணுக்கு இல்லை? உனக்கும் இருந்தது, எனக்குத் தெரியும். அதை யாராவது கணக்கில் எடுப்பார்களா?

நிச்சயப்படுத்திக்கொள்ளப் பாப்பம்மாவைக் கூப்பிட்டேன். எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். “இதுக்கா கூப்பிட்டீங்க? நாடா தழும்புங்கம்மா. எனக்குந்தான் கெடக்கு, பாருங்க” என்று அவளுடையதைக் காட்டினாள். நான் பார்த்தேன். அவளுடையது கோடாக இடுப்பைச் சுற்றிப் போகிறது. நாடா சுற்றித்தானே போகும்! என்னுடையது ஒரு பக்கத்தில் மட்டும், வட்டமாக, ஊதா கலந்த கருமையில் இருக்கிறது. நெற்றியில் இருப்பதன் கூடப்பிறந்தது போல.

உன் தைலம் அங்கே ஒருநாளும் போனதில்லை.

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைப்பையிலிருந்த குளிசை மட்டையையும், அலுமாரியிலிருந்ததையும், தலையணைக்கடியில் வைத்திருந்ததையும் எடுத்து மேசையில் போட்டேன். ஒரு பாமசி மாதிரி இருந்தது. மறுநாளே கண்டிக்குப் போனேன். டொக்டர் நிரஞ்சனி மட்டையைத் திருப்பிப் பார்த்து, “மெபனமிக் அசிட். இதை ஏன் அம்மா முதல்ல சொல்லல்ல?” என்று மட்டும் கேட்டார். கொன்வென்ட் சிஸ்டர்கள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மறுபடி ஒட்ட வேண்டுமாம். இந்தச் சிவப்பு அடங்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டு கழிந்து நாள் தந்திருக்கிறார்கள். குளிசையைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

பெருநாள் வருகிறது. வாழ்த்துச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியவில்லை. சொல்கிறேன்.

மீனா


நாவுல
2025 ஏப்ரல் 4

மீனா,

பெருநாள் போனது. வாழ்த்துக் கிடைத்தது.

உன் கடிதத்தை றுஸ்திக்கு வாசித்துக் காட்டினேன். அவன் சந்தோஷப்படவில்லை. “இப்ப என்னத்துக்கு உம்மா? ஹோட்டலுக்கு வேற ஆள் தலையிடி பாம் குடுக்கத் தொடங்கிட்டான்” என்றான். உண்மைதான். கொழும்பிலிருந்து அழகான பெட்டியில் வருகிறதாம். றுஸ்தி காலையில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு சீகிரியாவுக்கு த்ரீவீல் ஓடுகிறான்.

நான் தைலம் காய்ச்சும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். கோபத்தில் இல்லை. வாங்க ஆளில்லாததைக் காய்ச்சி என்ன செய்ய? அத்தோடு, தேய்க்கிற கையை நம்பாதவர்களுக்குக் காய்ச்சுவதில் எனக்கு மனமும் இல்லை. அதை நான் உனக்குத்தான் சொல்கிறேன். நல்ல சுகம் என்று சொல்லாதே இனி.

சோதனையைச் செய்துகொள். என் தைலத்துக்காக இல்லை. அந்தக் குளிசை உன் உடம்பில் இன்னும் எங்கெங்கே வட்டம் போடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில் வேண்டாம்.

பஸ்லா


மாத்தளை
2025 ஏப்ரல் 25

பஸ்லா,

பதில் வேண்டாம் என்றாய். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இந்த முறை குளிசையைப் பொடியாக்கி வாசலினில் குழைத்து இரண்டு இடத்தில் ஒட்டினார்கள். ஒன்று முதுகில், முன்பு உன் சாமான்கள் இருந்த சுத்தமான தோலில். மற்றது இடுப்பில், அந்த வட்டத்தின் மேலேயே. அதன் பக்கத்தில், அதே வட்டத்துக்குள், உன் தைலத்தையும் வைக்கச் சொல்லி நான் கேட்டேன். டொக்டர் தேவையில்லை என்றார். எனக்குத் தேவை என்றேன். நெற்றியில் ஒட்ட அவர் விரும்பவில்லை. நல்லது. ஒட்டியிருந்தால் ஊரே எனக்கும் தபாலதிபருக்கும் நாள் குறித்திருக்கும்.

கழற்றியபோது முதுகில் ஒன்றும் இல்லை. குளிசை ஒட்டிய இடமும் வெறுமனே இருந்தது. இடுப்பில் குளிசை இருந்த இடம் சிவந்து தடித்துக் கிடந்தது. தொட்டால் சுட்டது. பக்கத்தில் உன் தைலம் இருந்த இடம் இருந்தபடியே இருந்தது.

டொக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இந்த வகையில தோல் முழுக்க மருந்தை ஞாபகம் வச்சிருக்காது அம்மா. முதல் வந்த இடம் மட்டும் வச்சிருக்கும். குளிசை திரும்ப உள்ள போனதும் அந்த இடம் மட்டும் எழும்பும். அதனாலதான் வட்டத்தில ஒட்டினது. முதுகில மட்டும் ஒட்டியிருந்தா, குளிசையும் நல்ல பிள்ளைன்னுதான் வந்திருக்கும்.” நான் இடுப்பைக் காட்டாமலே இருந்திருந்தால், என் முதுகு கடைசிவரைக்கும் பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும்.

வாக்குப்படி செய்தவை: சுகாதாரப் பரிசோதகருக்கு எழுதினேன். ஹோட்டலுக்கு எழுதி, டொக்டரின் கடிதத்தையும் சேர்த்தேன். அதோடு நிற்கவில்லை. நேற்று வாகினியோடு சீகிரியாவுக்குப் போய் முகாமையாளரைச் சந்தித்தேன். இளம் மனிதர். காத்திருக்கச் சொன்னார், காத்திருந்தேன். சிங்களத்தில், ஒரு சொல் விடாமல், யார் மீது என்ன பிழை சொன்னேன், அது எப்படித் தவறு என்று சொன்னேன். அவர் வாக்குறுதி ஒன்றும் தரவில்லை. தைலம் ஒரு போத்தல் கொண்டு வந்து காட்டும்படி மட்டும் சொன்னார். என்னிடம் போத்தல் இல்லை. நான்தானே எறிந்தேன்.

பாமசியில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். கோயில் வாசலில் சொல்லவில்லை. பாப்பம்மாவிடம் சொன்னேன். அது போதும்.

றுஸ்தியிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும். அவன் த்ரீவீலை நிறுத்திவிட்டு இந்த வழியால் ஒரு நாள் வரமாட்டானா என்று பார்க்கிறேன். வராவிட்டால் நான் வருகிறேன்.

உன் தூக்குச்சட்டியைப் பாப்பம்மாவிடம் நாவுல பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். வெறுமனே இல்லை. உள்ளே பொரித்த மீன் இருக்கிறது. காலையில் சந்தையில் அவளே பார்த்து வாங்கி, என் வீட்டுப் பின்பக்கத்தில் தனி அடுப்பு வைத்துப் பொரித்தாள். யன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருக்கிறேன். வாசனை இன்னும் போகவில்லை. நான் சுவைத்துப் பார்க்கவில்லை. உப்புக் கூடிவிட்டதோ குறைந்துவிட்டதோ தெரியாது. பூனை அனுப்பியது என்று வைத்துக்கொள்.

தலைவலி விட்டபாடில்லை. குளிசை இனி இந்த வீட்டில் இல்லை. நெற்றியில் வட்டம் இருக்கிறது. அது மெல்லத்தான் மங்குமாம், முழுதாகப் போகாமலும் இருக்கலாமாம். இருக்கட்டும். நல்ல சுகம் என்று இனிச் சொல்லமாட்டேன். சுகமில்லாவிட்டால் இல்லை என்பேன், சுகமென்றால் அப்போது நீ நம்பலாம்.

எனக்கு இரண்டு போத்தல் தைலம் வேண்டும். ஒன்று ஹோட்டல் முகாமையாளருக்கு, ஒன்று எனக்கு. கவிழ்த்த சட்டியை நிமிர்த்துவாயா, மாட்டாயா? பாப்பம்மாவிடம் வாயால் சொல்லி அனுப்பாதே, அவள் வழியில் மாற்றிவிடுவாள். தொலைபேசியிலும் வேண்டாம். எழுத்தில் பதில் தா.

மீனா